பல கொடி, ஒரு சாடி

வன்னிப் பெருநிலத்தில் விடியற்காலையிற் பனையிலிருந்து இறங்கும் சீவல் தொழிலாளியின் குடுவையில் ஒரு மரத்தின் கள் மட்டும் இருப்பதில்லை. ஆண்பனையின் பாளையிற் சொட்டியதும், பெண்பனையின் பாளையிற் சொட்டியதும், மணற்றரையில் நின்ற மரத்தினதும், வயலோரத்தில் நின்ற மரத்தினதும் யாவும் அதில் ஒன்றாகச் சேர்கின்றன. மரத்துக்கு மரம் சுவை வேறுபடும் என்பதை ஏறி இறங்குபவர் நன்கறிவார். எனினும் அவற்றைத் தனித்தனியே வைத்திருக்க அவர் முயல்வதில்லை. முட்டியில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிய சாறுகள் ஒரே பாத்திரத்திற் கலந்து, ஒன்றாக நுரைத்து, ஒரே சுவையுடைய பானமாகின்றன. அந்தச் சுவை எந்த ஒரு மரத்துக்கும் உரியதன்று. அந்தத் தோப்புக்கே உரியது.

அந்தச் சாறு கள்ளாகத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிவிட்டால், அதே பாளையின் சாறு நொதியாமற் கருப்பநீராக இறங்கிப் பனங்கட்டியாகின்றது. பூசாவிடின் கள்ளாகின்றது. ஆகவே நொதித்தல் என்பது தானாக நேர்ந்துவிடும் விதியன்று. பாத்திரத்திற் செய்யப்படும் ஒரு சிறு காரியம் அதனை நிறுத்தவும் நடத்தவும் வல்லது. இந்த உண்மையை விஞ்ஞானம் விளக்குவதற்கு நெடுங்காலம் முன்பே பனைநாட்டு மக்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

பனஞ்சாற்றுக்கு இயல்பாக வாய்த்த இக்கலப்பு முறை, முந்திரிகைப் பழத்துக்கும் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் முந்திரிகை என்றும், தமிழகத்தார் திராட்சை என்றும் வழங்கும் இக்கொடி, ஈழத்தின் வறண்ட வலயத்துக்கு ஏற்ற பயிராகும். இசுரவேல் நீலம், மசுக்கற் முதலிய இனங்கள் இங்கே பந்தலேறுகின்றன. தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலோ, 2023 ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை பெரும் பரப்பில் விளைகின்றது. பெருந்தோட்டக்காரருக்கு ஒரே இனம் போதும். வீட்டுப் பந்தலின் நிலைமை அத்தகையதன்று.

கிணற்றடியிற் போட்ட ஒரு பந்தலை எண்ணிப் பார்க்கலாம். ஒரு கொடி யாழ்ப்பாணத்து உறவினர் கொடுத்த தடியிலிருந்து முளைத்தது. மற்றொன்று நாற்றுமேடையில் வாங்கியது. மூன்றாவதன் பெயரை எவரும் அறியார். 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர், 2012 வரையிற் செட்டிகுளத்து முகாம்களிலிருந்து படிப்படியாக ஊர் திரும்பிய குடும்பங்கள் தம் வளவுகளை மறுபடியும் முதலிலிருந்தே உண்டாக்க வேண்டியிருந்தது. அத்தகைய வளவில் ஒரு கொடி காய்ப்பதற்கு ஏறக்குறைய இரண்டாண்டுப் பொறுமை வேண்டும். அவ்வாறு காத்திருந்து பெற்ற பழம், ஒரே வாரத்திற் பழுத்து, வெடித்து, குளவிக்கும் அணிலுக்கும் இரையாகிப் போவது சிறு இழப்பன்று. சந்தைக்குக் கொண்டுசெல்ல அது போதாது. வீட்டார் உண்டு தீர்க்க அது மிகுதி. இந்த இடைநிலையில்தான் சிறு அளவில் மது வடிக்கும் எண்ணம் உலகின் பல நாடுகளிலும் தோன்றியது.

இங்கு ஒரு சட்ட நிலையை முதலிலேயே கூறிவிடுதல் முறையாகும். இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரமின்றி மதுவகை செய்வது அதன்படி குற்றமாகும். ஆகவே பின்வரும் விளக்கம், உரிய அனுமதியோடு இத்தொழிலில் இறங்க விரும்புவோருக்கும், நொதித்தலின் இயல்பை அறிய விரும்புவோருக்கும் உரியது.

பல இனப் பழங்களைச் சேர்ப்பதற்கு இரு வழிகள் உண்டு. ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே நொதிக்கவிட்டு, மது தெளிந்த பின்னர் அளவறிந்து கலப்பது ஒரு வழி. பழமாக இருக்கும்போதே ஒரே சாடியில் இட்டுப் பிசைந்து, ஒன்றாக நொதிக்கவிடுவது மற்றொரு வழி. தனித்தனியே சமைத்த இரண்டு கறிகளை இலையிற் பிசைந்து உண்பதற்கும், இரண்டு காய்களையும் ஒரே சட்டியிற் கொதிக்கவைத்து உண்பதற்கும் உள்ள வேறுபாடே இவற்றுக்கும் உள்ளது. முன்னதிற் சமைப்பவருக்கு ஆளுகை மிகுதி. பின்னதிற் சுவைகள் ஒன்றையொன்று மாற்றியமைக்கின்றன.

சாடியினுள் நிகழ்வது யாது? பழத்தின் தோலிலும் காற்றிலும் பாத்திரத்திலும் இருக்கும் மதுவம் என்னும் நுண்ணுயிர், சாற்றிலுள்ள வெல்லத்தை உண்டு, அதனை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் பிரிக்கின்றது. நொதித்தல் உயிர்களின் செயல் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் நிலைநாட்டினார். மதுவின் நோய்களைப் பற்றிய அவரது நூல் 1866 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓர் இலீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் வெல்லம் இருந்தால் அதிலிருந்து ஒரு வீத அற்ககோல் கிடைக்கும் என்பது தொழிலாளர் கைக்கொள்ளும் கணக்கு. 170 கிராம் வெல்லமுள்ள சாறு, முற்றாக நொதித்தால், பத்து வீத மதுவாகும்.

இக்கணக்குத்தான் கலப்பின் முதற் பயனைக் காட்டுகின்றது. வெப்பநாட்டிற் பழுக்கும் முந்திரிகையில் ஓரினம் நன்கு இனித்து, புளிப்பை இழந்துவிடும். மற்றோரினம் புளிப்பை வைத்துக்கொண்டு, இனிப்பிற் குறைந்து நிற்கும். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு இனிப்புள்ள பழம் 6 கிலோகிராமும், பதினைந்து பங்கு இனிப்புள்ள பழம் 3 கிலோகிராமும் சேர்ந்தால், சாடியிலுள்ள 9 கிலோகிராமின் சராசரி பதினேழு பங்காகும். அதிலிருந்து ஒன்பது வீதத்துக்குச் சற்று மேற்பட்ட அற்ககோல் கிடைக்கும். இனிப்பு ஒரு பங்கே குறைந்தது; அதற்கு ஈடாக, இரண்டாவது இனத்தின் புளிப்பு முழுச் சாடிக்கும் கிடைத்தது. புளிப்பு நாவுக்கு மட்டும் வேண்டுவதன்று. அமிலம் குறைந்த சாற்றிற் கேடு விளைக்கும் பற்றீரியாக்கள் எளிதிற் பெருகும்; அமிலம் மிகுந்த சாற்றில் அவை தயங்கும். ஆகவே புளித்த கொடி, இனித்த கொடிக்குக் காவலாகின்றது.

இரண்டாவது பயன் பாத்திரத்தைப் பற்றியது. 9 கிலோகிராம் பழம் ஐந்து அல்லது ஆறு இலீற்றர் மதுவைத் தரும். அதே பழத்தை மூன்று இனமாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் இரண்டு இலீற்றர் அளவில் நின்றுவிடும். சிறிய அளவு, பெரிய தொல்லை. கொஞ்சச் சாறு சூட்டை விரைவில் ஏற்கும், விரைவில் இழக்கும். அரைகுறையாக நிரம்பிய சாடியின் மேற்பகுதியிற் காற்று தங்கும். அக்காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அசற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் அற்ககோலை வினாகிரியாக மாற்றிவிடும். மூன்று சாடி வினாகிரியை விட, கழுத்துவரை நிரம்பிய ஒரு சாடி மது மேலானது என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. சிறு உற்பத்தியாளர் பல இனங்களை ஒன்றாக இடுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இதுவே.

மூன்றாவது பயன் நிறத்திலும் மணத்திலும் தோன்றுவது. கறுத்த முந்திரிகையின் நிறம் அதன் தோலில் உள்ள அந்தோசயனின் என்னும் பொருளால் உண்டாவது. வெள்ளை முந்திரிகையின் தோலில் நிறமற்ற வேறு சில பொருள்கள் உள்ளன. இரண்டும் ஒன்றாக நொதிக்கும்போது நிறமற்றவை நிறமுள்ளவற்றோடு இணைந்து, நிறத்தை ஆழமாக்கி நிலைநிறுத்த வல்லன. வெள்ளையைச் சேர்த்தாற் கறுப்பு வெளிறும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது வியப்பாகத் தோன்றும். பிரான்சில் உரோன் ஆற்றோரத்துக் கோத்து-உரோத்தி என்னும் பகுதியிற் சிரா என்ற கறுத்த இனத்தோடு வியோனியே என்ற வெள்ளை இனத்தை இருபது வீதம் வரை சேர்க்கலாம் என்பது விதி. சேர்ப்பதாயின் இரண்டும் ஒன்றாகவே நொதிக்கவேண்டும் என்பதும் விதியே. எனினும் அளவு மிகுந்தால் நிறம் ஐதாகிவிடும். நடைமுறையில் அங்குள்ளோர் சேர்ப்பது பெரும்பாலும் சிறு பங்கே.

இக்கலப்பை ஒரு நகரத்தின் அடையாளமாகவே போற்றும் இடமும் உண்டு. ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவின் எல்லைக்குள் ஏறத்தாழ அறுநூறு எக்டேயர் முந்திரிகைத் தோட்டங்கள் உள்ளன. 1784 ஆம் ஆண்டில் இரண்டாம் யோசேப்புப் பேரரசர், தோட்டக்காரர் தாம் செய்த மதுவைத் தம் வீட்டிலேயே விற்கலாம் என்று ஆணை பிறப்பித்தார். அங்கே பல இன வெள்ளைக் கொடிகளை ஒரே நிலத்திற் கலந்து நட்டு, ஒரே நாளில் அறுத்து, ஒன்றாகப் பிழியும் வழக்கம் நிலைத்துவந்தது. கெமிசுட்டர் சாற்சு எனப்படும் அந்த மதுவுக்கு 2013 ஆம் ஆண்டிற் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. குறைந்தது மூன்று இனம் இருக்கவேண்டும். எந்த இனமும் பாதிக்கு மேற்படலாகாது. அளவில் மூன்றாவதாக நிற்கும் இனமும் பத்து வீதத்துக்குக் குறையலாகாது என்பன அதன் விதிகள். போர்த்துக்கல்லின் தூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள பழந்தோட்டங்களிலும் பற்பல இனங்கள் ஒரே வரிசையிற் கலந்து நிற்கின்றன.

அங்குள்ள முன்னோர் இவ்வாறு நட்டது சுவைக்காக மட்டுமன்று. ஓரினம் பனியிற் கருகினால் மற்றோரினம் தப்பும். ஓரினம் பூ உதிர்ந்தால் மற்றோரினம் காய்க்கும். வன்னியின் சேனைப் புலத்திற் குரக்கனும் சோளமும் பயறும் எள்ளும் பூசணியும் ஒன்றாக விதைக்கப்பட்டதும் இதே எண்ணத்தினாலாகும். மழை ஒன்றைக் கைவிட்டாலும் மற்றொன்றைக் கைவிடாது என்பது உழவரின் நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தோட்டங்களை வேர்ப்பேன் அழித்தது. பின்னர் மறுபடியும் நட்ட இடங்கள் பலவற்றில் ஓரினத் தோட்டங்களே எழுந்தன. விளைவு சீராயிற்று; கணக்கு எளிதாயிற்று; பழைய காவல் மட்டும் மறைந்தது.

அவ்வாறாயின் கலப்பு முறையைப் பலர் கைவிட்டது ஏன்? அதற்கும் நியாயமான காரணம் உண்டு. எல்லா இனங்களும் ஒரே நாளிற் பழுப்பதில்லை. முந்திப் பழுத்தது அழுகும்வரை காத்திருந்தால் நோய் புகும். பிந்திப் பழுப்பதைக் காயாகவே அறுத்தாற் பச்சை வாடையும் துவர்ப்பும் சாடி முழுவதிலும் ஏறும். ஒருமுறை கலந்த பின்னர் ஓரினத்தின் குறையை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்த எவராலும் இயலாது. தனித்தனியே நொதித்தவருக்கு, கெட்டதை விலக்கி நல்லதைக் கலக்கும் வாய்ப்பு உண்டு. ஒன்றாக நொதித்தவர் ஒரு கெட்ட குலையால் முழுச் சாடியையும் இழக்கக்கூடும்.

இந்த இடத்தில்தான் வன்னிக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கின்றது. குளிர்நாட்டிற் கொடியை உறங்கவைப்பதும் எழுப்புவதும் பருவமே. அங்கே தோட்டக்காரர் பழுக்கும் நாளைப் பெரிதும் மாற்ற இயலாது. வெப்பநாட்டிற் கொடி உறங்குவதில்லை. அதனை வெட்டும் கத்தியே அதற்குப் பருவமாகின்றது. கவ்வாத்துச் செய்த நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதத்திற் பழம் முதிரும். ஓரினத்துக்கு 120 நாளும் மற்றோரினத்துக்கு 100 நாளும் செல்லுமாயின், முன்னதை இருபது நாள் முந்தி வெட்டினால் இரண்டும் ஒருங்கே பழுக்கும். வியன்னாத் தோட்டக்காரர் இயற்கையிடம் கெஞ்சிப் பெறுவதை, வன்னித் தோட்டக்காரர் ஒரு நாட்குறிப்பேட்டைக் கொண்டு பெறலாம். தன் பந்தலிலுள்ள ஒவ்வொரு கொடியும் வெட்டிலிருந்து பழம் வரை எத்தனை நாள் கொள்கின்றது என்பதை இரண்டு போகம் எழுதிவைத்தாற் போதும். பெயர் தெரியாத கொடிக்கும் இக்கணக்கு உண்டு.

வெட்டும் மாதமும் கருத்திற் கொள்ளத்தக்கது. ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரியிற் பழம் முதிருமாயின், அது நீரேறி வெடிக்கும். இலையிலும் குலையிலும் பங்கசு நோய் படரும். மாரி ஓய்ந்த பின் மாசியில் வெட்டிய கொடி, வைகாசி இறுதியிலோ ஆனியிலோ, சோளகக் காற்று வீசும் வறண்ட நாள்களிற் பழத்தைத் தரும். அப்பழத்தில் இனிப்பு திரளும்.

இனிச் சாடியின் காரியங்கள். அழுகியதும் வெடித்ததும் பூஞ்சணம் பிடித்ததும் முதலில் விலக்கப்படவேண்டும். காம்பு நீக்கி, கையாற் பிசைந்து, கண்ணாடிச் சாடியிலோ உணவுக்கென்று செய்த பிளாத்திக்கு வாளியிலோ இடுதல் வேண்டும். இரும்பும் செம்பும் அலுமினியமும் புளிப்போடு சேரலாகா. பாத்திரம் முக்காற் பங்குக்கு மேல் நிரம்பலாகாது. ஏனெனில் தோல்கள் வாயுவால் மேலெழுந்து தொப்பிபோல் மிதக்கும். அத்தொப்பியை நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை அமிழ்த்திவிடவேண்டும். இல்லையேல் மேற்பகுதி உலர்ந்து வினாகிரி மணம் ஏறும். பல இனம் கலந்த சாடியில் இது மேலும் முக்கியமானது. தடித்த தோலும் மெல்லிய தோலும் ஒரே அளவிற் சாற்றில் ஊறவேண்டுமன்றோ?

வெப்பம் வன்னியின் பெருந்தடை. நொதித்தல் தானே சூட்டை உண்டாக்கும். சாடியின் சூடு 35 பாகை செல்சியசை நெருங்கினால் மதுவம் தளரும். இனிப்பு எஞ்சிநிற்க, கேடு செய்யும் பற்றீரியாக்கள் அதனைப் பற்றிக்கொள்ளும். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே தத்துவம் இங்கும் உதவும். சாடியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால், ஆவியாகும் நீர் சூட்டைக் கவர்ந்து செல்லும்.

ஐந்து முதல் ஏழு நாளிற் பொங்குதல் தணியும். அப்போது சாற்றைப் பிழிந்து, வாயு வெளியேற வழியுள்ள மூடியோடு மற்றொரு சாடியிற் கழுத்துவரை நிரப்பி, அடியிற் படியும் வண்டலைச் சில வாரங்களுக்கு ஒருமுறை விலக்கித் தெளியவைப்பர். மூடியை இறுக அடைப்பது பேராபத்து. இனிப்பு எஞ்சிய மதுவைப் போத்தலில் இறுக அடைத்தால், உள்ளே பெருகும் வாயு கண்ணாடியை வெடிக்கச் செய்து, அருகில் நிற்பவரின் கண்ணையே பறித்துவிடக் கூடும். ஒன்பது வீத மது நெடுங்காலம் நிற்காது என்பதும் நினைவில் இருத்தற்குரியது. அது கள்ளைப் போல நாளிற் புளிப்பதில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கிற் சேமித்தற்குரிய பொருளுமன்று.

இத்தொழிலுக்கும் கசிப்புக் காய்ச்சுதலுக்கும் இடையே தெளிவான கோடு ஒன்று உண்டு. கசிப்பிற் பானத்தைக் கொதிக்கவைத்து, ஆவியைச் செறியச் செய்கின்றனர். அங்கே கேடும் செறிகின்றது. வன்னியிற் பல வீடுகளின் அமைதியைக் குலைத்த பொருள் அது. பழத்தை நொதிக்கவைப்பவர் அக்கோட்டைத் தாண்டலாகாது. மதுவே வேண்டாதவருக்கும் இதே பந்தல் பயன்படும். பிழிந்த சாற்றைச் சூடாக்கிப் போத்தலில் அடைத்தால் நொதியாத பழரசம் கிடைக்கும். அதிலும் இனிப்பும் புளிப்புமாகிய கலப்பின் நன்மை அப்படியே நிற்கும்.

முந்திரிகை மதுவுக்கு இந்நாட்டில் மற்றொரு மதிப்பும் உண்டு. கத்தோலிக்கத் திருப்பலிக்குரிய மது முந்திரிகைப் பழத்திலிருந்து பெற்ற இயற்கை மதுவாக, கெட்டுப்போகாததாக இருக்கவேண்டும் என்பது 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். அது எந்த இனத்துப் பழம் என்று சட்டம் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928 ஆம் ஆண்டு தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம், முந்திரிகை இரசத்துக்கும் நெல்லி இரசத்துக்கும் பெயர் பெற்றது. ஆகவே வடபுலத்து மண்ணுக்கு இக்கலை முற்றிலும் புதியதன்று.

சீவல் தொழிலாளியின் குடுவை கற்பிப்பது இதுவே. கலப்பு என்பது கவனமின்மையன்று. எந்த மரம் எப்போது சுரக்கும், எந்த முட்டிக்குச் சுண்ணாம்பு பூசவேண்டும் என்றெல்லாம் அறிந்தவரே கலக்கின்றார். முந்திரிகைப் பந்தலுக்கும் அவ்வறிவே வேண்டும். வெட்டிய நாள், பழுத்த நாள், இனிப்பு, புளிப்பு ஆகியவற்றைக் கொடிக்குக் கொடி குறித்துவைத்தவரின் சாடியிற் பல கொடிகள் ஒன்றாகி, அந்த வளவுக்கே உரிய சுவை பிறக்கும். குறிப்பின்றிக் கொட்டிக் கலந்தவருக்கோ, இரண்டாண்டு காத்திருந்து பெற்ற பழம் ஒரு சாடி வினாகிரியாக மட்டுமே எஞ்சும்.